மைலேஜ் குறையும் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்

வாகனம் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், அங்கே எஞ்சினை வடிவமைத்து டியூன் செய்யும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

எத்தனால் (கரும்பு, தானியம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் ஆல்கஹால்) கலந்த பெட்ரோலைப் பற்றி இரண்டு விதமான பேச்சுதான் காதில் விழுகிறது. "ஒன்றும் ஆகாது, பேசாமல் ஓட்டுங்கள்" என்பது ஒன்று. "எஞ்சினே போய்விடும், மைலேஜ் பாதியாகிவிடும்" என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையில்லை என்று உங்களுக்குத் தெரியும். உண்மை எவ்வளவு என்பதை எண்ணோடு சொல்லக்கூடியவர்களும் நீங்கள்தான். எஞ்சினைத் தாங்கிப் பிடித்து ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் பெட் உங்களிடம் இருக்கிறது. எந்த மாடலில் எந்த ரப்பரைப் போட்டீர்கள் என்ற கணக்கும் இருக்கிறது. ஆனால் வாய் திறப்பது என்னவோ அரசியல்வாதிகளும் வாட்ஸ்அப் வீடியோக்காரர்களும்தான்.

நான் எத்தனாலுக்கு எதிரி இல்லை. கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைக்க வேண்டும், புகை குறைய வேண்டும் என்று ஒரு நாடு முடிவெடுத்தால் அதற்கு அதனதன் நியாயம் இருக்கும். அந்த விவாதத்துக்கு இங்கே வரவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: டேங்க்கில் ஊற்றும் பொருள் மாறிவிட்டால், அதனால் வண்டிக்கு என்ன ஆகும் என்பதை விற்றவர் வாயால் கேட்க வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். இது ஒன்றும் ரகசியம் இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21. மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனாலின் எடையில் கிட்டத்தட்ட 35 சதவீதம் ஆக்சிஜன் என்பதுதான் காரணம். ஆக்சிஜன் எரிய வைக்கும். தானே எரிந்து சூடு தராது. ஆகவே பத்து சதவீதம் கலந்த இ10 பெட்ரோலில் லிட்டருக்கு மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல் ஆற்றல் குறையும். இ20 என்றால் ஆறரை முதல் ஏழு சதவீதம். கலப்பே இல்லாத பெட்ரோலில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தந்த ஒரு கார், வேறு எதுவும் மாறாவிட்டால், இ10ல் 19.3ம் இ20ல் 18.7ம் தரும். 40 லிட்டர் டேங்க்குக்கு 800 கிலோமீட்டர் போனது சுமார் 750க்கு வந்து நிற்கும்.

இதை எந்தச் சேர்க்கைப் பொருளும் மாற்றாது, எந்த விளம்பரமும் மாற்றாது. எஞ்சின் அந்த ஆற்றலை எவ்வளவு திறமையாகப் பயன்படுத்துகிறது என்பதில் மட்டும்தான் கொஞ்சம் மீட்க இடம் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த எண்களை ஒளிவுமறைவில்லாமல் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தளம் இ10ல் சுமார் 3 சதவீதமும், இ15ல் 4 முதல் 5 சதவீதமும் மைலேஜ் குறையும் என்று வெளிப்படையாகவே போட்டிருக்கிறது. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் இ5 போய் இ10 வந்தபோது, குறைவு ஒரு சதவீதம் அளவில் இருக்கும் என்று அரசு சொன்னது. இந்தியாவில் நிதி ஆயோக் 2021ல் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கை, இ10க்கு டியூன் செய்த பழைய வகைக் கார்களில் இ20 ஊற்றினால் 6 முதல் 7 சதவீதம், இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதம், இ10க்கு வடிவமைத்து இ20க்கு டியூன் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம் குறையும் என்று மதிப்பிட்டது. ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோலத் தெரியும். இல்லை. எதிலிருந்து எதற்கு மாறும்போது, எந்த வண்டியில் என்ற கேள்விக்குத்தான் ஒவ்வொருவரும் வேறு வேறு பதில் சொல்கிறார்கள். சண்டையில் பாதி இங்கேதான் நடக்கிறது. கலப்பே இல்லாத பெட்ரோலோடு இ20ஐ ஒப்பிட்டால் ஆறு ஏழு வரும். நேற்றுவரை இ10 ஊற்றிக்கொண்டிருந்தவருக்கு மூன்றரைதான் வரும். தொடக்கப் புள்ளியைச் சொல்லாமல் எண்ணை மட்டும் வீசினால் யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் பொய்யர் ஆக்கலாம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. மூன்று சதவீதத்தை வீட்டில் அளந்து பிடிப்பது லேசான காரியமில்லை. டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்க்கிறோம். பம்ப்பின் நாசில் 'டக்' என்று நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்காது. வண்டி லேசாகச் சாய்ந்து நின்றால் போதும், அரை லிட்டர், ஒரு லிட்டர் முன்னே பின்னே போகும். 40 லிட்டரில் ஒரு லிட்டர் என்பதே இரண்டரை சதவீதம். டயரில் காற்று, ஏசி, நெரிசல், நெடுஞ்சாலையில் ஓட்டிய வேகம் எல்லாம் சேர்ந்தால் பத்து சதவீத ஆட்டம் சர்வசாதாரணம். அதனால் இரண்டு டேங்க் ஓட்டிவிட்டு "எனக்கு ஒன்றும் குறையவில்லை" என்பவரும் சரி, "கால்வாசி போச்சு" என்பவரும் சரி, இரண்டு பேருமே பெரும்பாலும் எத்தனாலை அளக்கவில்லை.

இ20 ஊற்றி 20, 25 சதவீதம் குறைந்தது என்று ஒருவர் வந்தால், ஆற்றல் கணக்கு அதற்கு இடம் தராது. பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா, ஸ்பார்க் பிளக் தேய்ந்துவிட்டதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, ஆக்சிஜன் சென்சார் சோம்பிவிட்டதா என்று தேட வேண்டும். ஆனால் அவர் தேட மாட்டார். ஏன்? சர்வீஸ் சென்டரில் எத்தனால் என்ற பேச்சை எடுத்தாலே "அதெல்லாம் ஒன்றும் இல்லை சார், டயர் காற்றைப் பாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆறு சதவீதம் குறையும் என்று தெரிந்தே ஒன்றும் இல்லை என்பவர், பிளக்கைப் பற்றி உண்மையே சொன்னாலும் யார் நம்புவார்?

அடுத்தது பிக்கப். மைலேஜ் குறைந்தால் இழுவையும் குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இதை நீங்கள் விளக்கியிருந்தால் பாதிப் பயம் போயிருக்கும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று வருகிறது என்பதுதான் எஞ்சினின் பலத்துக்கு வரம்பு. அதே காற்றில் எத்தனால் அதிகமாகக் கலந்து எரியும். கணக்குப் போட்டால் ஒரு கிலோ காற்றுக்குக் கிடைக்கும் ஆற்றல் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றேதான்; எத்தனாலில் ஒரு இழை கூடுதல் என்றுகூடச் சொல்லலாம். ஆகவே பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும், புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் சென்சாரும் உள்ள வண்டியில், இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் குட்டிக் கணினி) தேவையான அளவு கூடுதலாகத் தெளித்துக்கொள்ளும், பலம் குறையாது. லிட்டர்தான் சீக்கிரம் காலியாகும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு 'லாங் டெர்ம் ஃப்யூவல் டிரிம்' என்ற எண்ணைப் பாருங்கள். கலப்பில்லாத பெட்ரோலுக்கு டியூன் செய்த வண்டியில் அது பூஜ்ஜியத்தை ஒட்டி ஒன்று, இரண்டு என்று ஆடிக்கொண்டிருக்கும். இ20 ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டிய பின் ஐந்து, ஆறு, ஏழு என்று ஏறி அங்கேயே உட்கார்ந்துவிடும். காற்றோடு ஒப்பிட்டால் எரிபொருள் குறைச்சலாக இருக்கிறது என்று சென்சார் சொல்ல, இசியு அத்தனை சதவீதம் கூடுதலாகத் தெளிக்கிறது என்று அர்த்தம். மைலேஜில் காணாமல் போன அதே ஆறு ஏழுதான் இங்கே எண்ணாக நிற்கிறது.

பெரும்பாலான வண்டிகளுக்கு இது தாங்கக்கூடிய திருத்தம்தான். ஆனால் எங்கோ ஒரு வேக்குவம் ஓஸ் (எஞ்சினோடு இணைந்த ரப்பர்க் குழாய்) விரிசல் விட்டுக் காற்றை உள்ளே விட, ஏற்கெனவே பதினைந்து சதவீதம் திருத்திக்கொண்டிருக்கும் ஒரு பழைய கார் இருக்கிறது என்று வையுங்கள். அதன் ஓட்டுநருக்கு இதுவரை ஒன்றும் தெரியாது. இ20 வந்ததும் திருத்தம் வரம்பைத் தொடுகிறது, டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிகிறது. அவர் எத்தனாலைத் திட்டுகிறார். ஓட்டையை யாரும் தேடுவதில்லை. உங்கள் சர்வீஸ் ஆட்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்பியிருந்தால் பத்து நிமிடத்தில் பிடித்திருப்பார்கள்.

இனி எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருக்கும் இடத்துக்கு வருகிறேன்: ஆக்டேன்.

கலவை தானாகவே வெடித்து எஞ்சின் தட்டுவதை நாக்கிங் என்கிறோம்; அதை எரிபொருள் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது ஆக்டேன் எண். எத்தனாலுக்கு அது 108ஐ ஒட்டியது. சாதாரண பெட்ரோலுக்கு 91, 95. தவிர, திரவம் ஆவியாகும்போது எத்தனால் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும்; நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் எஞ்சினில் உள்ளே போகும் கலவை குளிர்ந்துவிடும். இரண்டும் சேர்ந்து நாக்கிங்கைத் தள்ளிப்போடும். நாக்கிங் இல்லையென்றால் கம்ப்ரஷன் ரேஷியோவை (சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறோம் என்ற எண்ணை) உயர்த்தலாம், டர்போ அழுத்தத்தைக் கூட்டலாம், பற்றவைக்கும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவரலாம். ஏட்டுக் கணக்கில் கம்ப்ரஷன் 10லிருந்து 12க்குப் போனால் எஞ்சினின் திறன் நாலரை சதவீதம் கூடும். நிஜ எஞ்சினில் அவ்வளவு கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இருந்தாலும் இ20ன் இழப்பில் கணிசமான ஒரு பகுதியை மீட்டுவிடலாம். நிதி ஆயோக் சொன்ன அந்த 1 முதல் 2 சதவீதம் ஆகாயத்திலிருந்து வரவில்லை. எரிபொருளுக்கு ஏற்றபடி டியூன் செய்தால் ஏழு எப்படி இரண்டாகச் சுருங்கும் என்பதுதான் அது.

ஆனால் நடப்பது என்ன? பல இடங்களில் சுத்திகரிப்பு ஆலை தரம் குறைந்த அடிப்படைப் பெட்ரோலைத் தயாரித்து, எத்தனால் சேர்த்து, பழைய ஆக்டேன் எண்ணுக்குக் கொண்டுவந்து விற்றுவிடுகிறது. அமெரிக்காவில் (அங்கே ஆக்டேனைக் கணக்கிடும் முறை வேறு) பம்ப்பில் 87 என்று விற்கும் சாதாரண பெட்ரோலின் அடிப்படை பெரும்பாலும் 84தான். மீதி மூன்றும் எத்தனாலின் உபயம். ஆலைக்கு அது மிச்சம். ஓட்டுபவருக்கு? குறைந்த ஆற்றல் எங்கள் பங்கு, கூடிய ஆக்டேன் ஆலையின் பங்கு என்று பாகப்பிரிவினை முடிந்துவிட்டது. விற்கும் பெட்ரோலின் ஆக்டேன் உயராவிட்டால் நீங்களும் கம்ப்ரஷனை உயர்த்த முடியாது; அதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கலப்பு விகிதத்தை முடிவு செய்யும் கூட்டங்களில் உங்களுக்கு நாற்காலி இருக்கிறது, எங்களுக்கு இல்லை. "எத்தனால் கலக்கிறீர்களா, கலந்துகொள்ளுங்கள், ஆனால் கூடும் ஆக்டேனை பம்ப் வரைக்கும் கொண்டுவாருங்கள்" என்று அங்கே நீங்கள்தான் மேசையைத் தட்ட வேண்டும்.

ஆக்டேன் உயர்ந்த இடங்களிலும் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அதனால் பெரிய பயன் இல்லை. நாக் சென்சார் உள்ள டர்போ எஞ்சின், மேட்டில் ஏறும்போதும் அழுத்தி மிதிக்கும்போதும் கொஞ்சம் பயன் எடுத்துக்கொள்ளும். நகரத்தில் மூன்றாவது கியரில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும் எஞ்சின் நாக்கிங்குக்குப் பக்கத்திலேயே போவதில்லை. அதற்கு 91ம் ஒன்றுதான், 95ம் ஒன்றுதான். "ஆக்டேன் கூடியிருக்கிறது, ஆகவே செயல்திறன் கூடும்" என்று விளம்பரத்தில் பொத்தாம்பொதுவாகச் சொல்வதை இந்தக் காரணத்தால்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய வண்டிகள் கதை வேறு. அவற்றில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டருக்கு சென்சார் கிடையாது. ஜெட்டின் துளை எவ்வளவோ, அவ்வளவுதான் பெட்ரோல் போகும். அதில் எத்தனால் பங்கு கூடினால் கலவை மெலிந்துவிடும். மெக்கானிக்குகள் 'லீன் அடிக்குது' என்பார்கள். த்ராட்டிலைத் திருப்பினால் ஒரு கணம் யோசித்துவிட்டு எடுக்கும், சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கும், எஞ்சின் சற்று அதிகம் சூடேறும். முன்பே தாராளமாகப் பெட்ரோல் குடிக்கும்படி டியூன் செய்திருந்த வண்டி என்றால் இந்த மெலிவு அதற்கு நன்மையாகக்கூட முடியலாம், அதையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே சிக்கனத்துக்காக ஒட்டக் கறந்து டியூன் செய்த வண்டிதான் தடுமாறும். எந்த மாடல் எந்த வகை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஜெட் அளவைத் தீர்மானித்தவர்கள் நீங்கள்.

அப்புறம் ரப்பர். நீண்ட நாள் நின்ற ஒரு பழைய பைக்கின் கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அலுமினியத்தின் உட்புறத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும் பொடி. பித்தளை ஜெட்டின் வாயில் பச்சையாக ஒரு பிசின். மிதவையான ஃப்ளோட்டைத் தூக்கினால், பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் நீடிலின் நுனியில் உள்ள ரப்பர் ஊதி, தன் இருக்கையில் சரியாக உட்காராமல் நிற்கும். அங்கேதான் பெட்ரோல் நிரம்பி வழிகிறது. பழங்கால இயற்கை ரப்பரும், சில நைட்ரைல் வகைகளும் எத்தனாலில் ஊதும், பிறகு காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஃப்ளூரோ எலாஸ்டோமர் வகை ரப்பருக்கு ஒன்றும் ஆகாது. விலை வித்தியாசம் ஒரு வண்டிக்கு அற்பமாகத்தான் இருக்கும். எந்த ஆண்டிலிருந்து அதைப் போட ஆரம்பித்தீர்கள் என்பது உங்கள் கோப்பில் ஒரு வரியாக இருக்கும். அந்த ஒரு வரிதான் எங்களுக்கு வேண்டும்.

நின்றுகொண்டே இருக்கும் வண்டிக்கு இன்னொரு ஆபத்து தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும். சாதாரண வெப்பநிலையில் இ10 சுமார் அரை சதவீதம் வரை தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு டேங்க்கின் அடிக்குப் போய்விடும். மேலே நிற்பது ஆக்டேன் இழந்த பெட்ரோல். எஞ்சின் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. தினமும் ஓடும் வண்டிக்கு இது நேராது, டேங்க் சீக்கிரமே காலியாகி நிரம்பிவிடும். மாதக்கணக்கில் மூடி வைத்திருக்கும் வண்டி, ஜெனரேட்டர், படகு இவற்றுக்குத்தான் பிரச்சினை. ஆனால் உங்கள் கையேடுகள் பலவற்றில் நீண்ட நாள் நிறுத்தி வைப்பது பற்றிய பக்கத்தில் பேட்டரியைக் கழற்றச் சொல்லும் வரிதான் இருக்கிறது, டேங்க்கைப் பற்றி மூச்சே இல்லை.

மற்ற நாடுகளில் இது எப்படிப் போனது என்பதையும் பார்க்கலாம். பிரேசில் 1975ல் தொடங்கிய திட்டத்திலேயே எஞ்சினையும் எரிபொருளையும் ஒன்றாக வளர்த்தது. 1979ல் எத்தனாலிலேயே ஓடும் கார் விற்பனைக்கு வந்தது. 2003ல் எந்த விகிதத்திலும் ஓடும் ஃப்ளெக்ஸ் கார் வந்தது. குளிரில் எத்தனால் பற்றாது என்பதால் அந்தக் கார்களில் பானெட்டுக்குக் கீழே பெட்ரோலுக்கென்று ஒரு குட்டி டேங்க்கே வைத்திருந்தார்கள், காலையில் ஸ்டார்ட் செய்ய மட்டும். 2025 ஆகஸ்டில் சாதாரண பெட்ரோலிலேயே கலப்பு 30 சதவீதம் ஆகிவிட்டது. அங்கே ஓட்டுநர்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடம்: எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால் ஊற்று, இல்லாவிட்டால் பெட்ரோல் ஊற்று. எத்தனாலில் கிலோமீட்டர் குறையும் என்பதை யாரும் மறைக்கவில்லை. மறைக்காததால்தான் அந்தக் கணக்கே பிறந்தது. குறைவை விலையில் ஈடுகட்ட வேண்டும் என்பதும் எல்லோருக்கும் புரிந்தது.

நேர்மாறான கதை ஜெர்மனி. 2011ல் இ10 வந்தது. ஓடிக்கொண்டிருந்த கார்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அது ஒத்துவரும் என்று சொல்லப்பட்டது. ஆனால் "என் கார் அந்த ஒன்பதிலா, மீதி ஒன்றிலா?" என்ற கேள்விக்கு பம்ப்பில் நிற்பவருக்குப் பதில் கிடைக்கவில்லை. மக்கள் இ10ஐத் தொடவே மறுத்து, கூடுதல் விலை கொடுத்து வேறு பெட்ரோல் ஊற்றினார்கள். கடைசியில் அரசு அந்த ஆண்டு மார்ச்சில் எண்ணெய் நிறுவனங்களையும் கார் நிறுவனங்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச வேண்டியதாயிற்று. பட்டியலைக் கையில் கொடுக்காமல் பம்ப்பைத் திறந்ததுதான் அங்கே நடந்த தப்பு.

அதன்பின் ஐரோப்பா கொஞ்சம் கற்றுக்கொண்டது. 2018 அக்டோபரிலிருந்து பம்ப்பிலும், புதிய வண்டிகளின் டேங்க் மூடிக்கு அருகிலும் ஒரே மாதிரி அடையாளம்: பெட்ரோலுக்கு வட்டம், அதற்குள் இ5, இ10, இ85. வட்டத்தோடு வட்டத்தைப் பொருத்திப் பார்த்து ஊற்ற வேண்டியதுதான். பழைய வண்டிகளுக்காக இ5 ரகத்தையும் பல நாடுகள் பம்ப்பில் விட்டு வைத்தன. அமெரிக்காவில் இ15ஐ அனுமதித்தபோது 2001ம் ஆண்டு மாடலிலிருந்து வந்த கார்களுக்கு மட்டும் என்றும், மோட்டார் சைக்கிளிலும் படகிலும் புல்வெட்டும் இயந்திரத்திலும் ஊற்றக் கூடாது என்றும் பம்ப்பிலேயே ஒட்டச் செய்தார்கள். இதெல்லாம் நடக்கக்கூடிய காரியங்கள்தான், நடந்தும் இருக்கின்றன.

சரி, உங்களிடம் கேட்பது என்ன?

ஷோரூமில் வண்டியின் மேல் ஒட்டும் மைலேஜ் எண் எந்த எரிபொருளில் எடுத்தது என்பதை அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் போடுங்கள். சோதனைக்கூடத்தில் ஒரு பெட்ரோல், பம்ப்பில் வேறொரு பெட்ரோல் என்றால் அந்த எண் எங்களுக்கு எதற்கு? ஐரோப்பாவில் யூரோ 6 சோதனைக்கான பெட்ரோலையே இ10 ஆக்கிவிட்டார்கள். உங்கள் நாட்டு விதி அப்படி இல்லையென்றாலும், பம்ப்பில் கிடைக்கும் கலப்பில் ஓட்டிப் பார்த்த எண்ணை இரண்டாவது வரியாகப் போட எந்த விதியும் தடுக்காது. முதலில் போடும் நிறுவனத்துக்கு விற்பனை குறையுமே என்று உங்கள் மார்க்கெட்டிங் ஆட்கள் பதறுவார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் போடுங்கள், சங்கம் வைத்திருக்கிறீர்களே.

ஏற்கெனவே விற்ற வண்டிகளுக்கு, மாடல் வாரியாக, ஆண்டு வாரியாக ஒரு பட்டியல் வேண்டும். இந்த வண்டிக்கு இவ்வளவு கலப்பு வரை சரி, இதற்கு மேல் வேண்டாம், இந்தப் பாகத்தை மாற்றினால் போதும் என்று. "உங்கள் டீலரை அணுகவும்" என்று முடிக்காதீர்கள். டீலர் உங்களை அணுகச் சொல்வார். வாரண்டி விஷயத்தில் மழுப்பல் வேண்டாம். கையேட்டில் இ10 வரை என்று எழுதிவிட்டு, ஊரில் இ20 மட்டுமே கிடைக்கும்போது வண்டிக்குள் இருக்கும் எரிபொருள் பம்ப் பழுதானால் யார் செலவு? பேட்டி கொடுக்கும்போது "எங்கள் வண்டிகள் பாதுகாப்பானவை" என்பீர்கள். அதையே வாரண்டித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

கார்புரேட்டர் வண்டிகளுக்கு சரியான அளவு ஜெட், நீடில், ஓ-ரிங், ஓஸ் எல்லாம் சேர்ந்த ஒரு செட்டை, பாக எண்ணோடு, எந்த ஊர் மெக்கானிக்கும் வாங்கும்படி விற்பனைக்கு விடுங்கள். இலவசமாகக் கேட்கவில்லை. இன்ஜெக்டர் வண்டிகளில் எவற்றுக்கு இசியு மென்பொருளைப் புதுப்பித்தால் பற்றவைப்பு நேரத்தில் கொஞ்சம் மீட்க முடியும் என்று உங்களுக்குத் தெரியும்; அதை வழக்கமான சர்வீஸோடு சேர்த்துச் செய்துவிடலாம்.

எரிபொருள் தரம் வகுக்கும் அதிகாரிகள் இதைப் படித்தால் அவர்களுக்கும் இரண்டு வார்த்தை. கலப்பு விகிதத்தை பம்ப்பில் எழுதுங்கள். 'வரை' என்ற சொல்லை விட்டுவிட்டு, உண்மையில் எவ்வளவு என்று. ஆறு சதவீதம் ஆற்றல் குறைந்த பொருளைப் பழைய விலைக்கே விற்பது விலையேற்றம்தான், அறிவிக்காத விலையேற்றம். லிட்டருக்கு விலை போடும் பலகையில், ஆற்றல் அளவுக்கு எவ்வளவு விலை என்பதையும் போட்டால் சண்டை பெருமளவு தீர்ந்துவிடும்.

மறுபடி உங்களிடமே வருகிறேன். இந்த மடலுக்குப் பதில் எழுதுவதாக இருந்தால், "எங்கள் வாகனங்கள் அனைத்தும் அரசின் விதிமுறைகளுக்கு உட்பட்டவை" என்ற வாக்கியம் வேண்டாம், அது எங்களுக்கு மனப்பாடம். நீங்கள் அதிகம் விற்ற ஐந்து மாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். கலப்பில்லாத பெட்ரோல், இ10, இ20 மூன்றிலும் ஒரே சோதனையில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் வந்தது, நின்ற இடத்திலிருந்து மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை வினாடி ஆனது என்று ஒரு தாளில் போட்டு வெளியிடுங்கள். முதலில் அந்தத் தாள் வரட்டும், மற்றதை அப்புறம் பேசலாம்.

இப்படிக்கு,
பெட்ரோல் வண்டி ஓட்டும் ஒருவன்